மெய்யான விசுவாசம் எது? லயத்து ஜெபக்கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளிக்கிழமை இரவுகளில் வீட்டு ஜெபம் நடக்கும். லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில், ஒரு காம்பராவுக்குள், அதாவது ஒரே அறைக்குள், பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்து, பாடி, வேதம் வாசித்து, ஜெபித்து முடித்ததும் சாயத்தண்ணி வரும். அப்போதுதான் யாராவது ஒருவர் என் பக்கத்தில் நகர்ந்து வந்து, "டீச்சரக்கா, ஒன்னு கேக்கணும்" என்று மெதுவாகத் தொடங்குவார். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்ட கேள்வி இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், செருப்பு மாட்டும்போது வெளியே வரும்.

நான் கொழுந்தெடுத்த ஒரு தாயின் மகள். இருபது வருடத்துக்கு மேலாக ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்ல. கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, வேதத்தைத் தேடி, போதகர்களிடமும் ஃபாதர்மாரிடமும் கேட்டு, அடுத்த தடவை பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே என்று எங்கள் மலைகளில் சபைகள் பல. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். வசனங்களை நாங்கள் சிறுவயதில் மனப்பாடம் செய்த பழைய மொழிபெயர்ப்பின்படியே தருகிறேன்.

விசுவாசம் என்றால் சரியாக என்ன?

"விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்று எபிரெயர் 11ஆம் அதிகாரம் தொடங்குகிறது. இதைச் சொல்லிவிட்டால் பதில் முடிந்தது என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். ஆனால் கேட்டவர்களின் முகம் தெளியவில்லை.

அதனால் இப்போது நம் தமிழ்ச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். "அந்த ஆள் விசுவாசமானவன்" என்றால் அவன் எதையோ நம்புகிறான் என்றா அர்த்தம்? காட்டிக்கொடுக்க மாட்டான், நன்றி மறக்க மாட்டான், கூடவே நிற்பான் என்று அர்த்தம். நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். நம்புவதும் உண்மையாக இருப்பதும் நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'பிஸ்டிஸ்' என்பதும் அப்படித்தான். எபிரெய மொழியில் 'எமூனா' என்ற சொல் உறுதி, நிலைத்து நிற்றல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து வருகிறது. நாம் ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் சொல்லும் ஆமென் அதே வேரில் பிறந்ததுதான்.

கத்தோலிக்கர்கள் இப்போது பயன்படுத்தும் திருவிவிலியத்தில் 'நம்பிக்கை' என்று இருக்கும். அதுவும் சரியான சொல்லே. ஆனாலும் பழைய சொல்லில் இருக்கிற அந்த 'கூடவே நிற்றல்' எனக்கு விட்டுப்போக மனமில்லை.

சரிவான மலையில் புதிதாகக் கொழுந்தெடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு மூத்த பெண்கள் ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். "கால் வழுக்குனா வாதைப் புடிக்காத, தூரைப் புடி." மேலே இருக்கிற கிளை ஒடிந்துவிடும், தூரின் வேர் ஆழத்தில் இருக்கும், ஆளின் பாரத்தைத் தாங்கும். இது மலையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வழுக்குகிற அந்த நொடியில் கை எங்கே போகிறது என்பதில்தான் தெரிந்ததற்கும் நம்பியதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. கிறிஸ்தவ விசுவாசம் என்பது ஒரு கருத்தை ஏற்றுக்கொள்வதோடு நிற்பதில்லை. இயேசு கிறிஸ்து என்கிற ஒருவரை, என் முழுப் பாரத்தோடும், பற்றிக்கொள்வது அது.

கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறேன். அது போதாதா?

போதாது. யாக்கோபு இதற்குச் சுருக்கமாகவே பதில் எழுதிவிட்டார்: "தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிக்கிறாய், அப்படிச் செய்கிறது நல்லதுதான், பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன."

நாங்கள் நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அது ஒரு கணக்கில்லையா?

அது பெரிய ஆசீர்வாதம், அதைச் சிறிதாக நினைக்க வேண்டாம். 1854இல் கண்டியை மையமாக வைத்துக் கோப்பித் தோட்டத் தொழிலாளர்களிடையே 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தார் ரோடு இல்லாத காலம். காட்டுப் பாதையில், அட்டைக் கடியோடு, தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் களத்திலும் லய வாசலிலும் நின்று பேசினார்கள். கோப்பி மரங்களை 1869இல் தொடங்கிய இலைநோய் அழித்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. 1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து ஆயிரமாயிரம் பேரை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றியது. இத்தனைக்கும் நடுவில் சிலர் ஒரு பழைய வேதாகமத்தைத் துணியில் சுற்றிக் காப்பாற்றி அடுத்த தலைமுறையிடம் கொடுத்தார்கள். உங்கள் கையில் இருப்பது அதுதான்.

ஆனால் பாட்டன் பற்றிக்கொண்டார் என்பதற்காகப் பேரனின் கை தானாகப் பற்றிக்கொள்ளாது. ஞானஸ்நானச் சான்றிதழ் ஸ்கூலில் பிள்ளையைச் சேர்க்க உதவும். வழுக்குகிற நேரத்தில் தூரைப் பிடிக்கிற கை உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

விசுவாசத்தால் இரட்சிப்பா, நற்கிரியையாலா? பவுல் ஒன்று சொல்கிறார், யாக்கோபு இன்னொன்று சொல்கிறாரே?

இந்தக் கேள்வியில் பல நூற்றாண்டுச் சண்டை அடங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பவுல் எபேசியருக்கு எழுதுகிறார்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." யாக்கோபோ, கிரியைகள் இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார். இரண்டு பேருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? பவுல் ரோமர் 4இல் எடுப்பது ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்து ஆபிரகாமை. பிள்ளை இல்லை, வயது போய்விட்டது, இருட்டில் நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டு வாக்குத்தத்தத்தை நம்பிய ஆபிரகாம். அவர் அப்போது ஒன்றுமே செய்யவில்லை, நம்பினார், அவ்வளவுதான். யாக்கோபு 22ஆம் அதிகாரத்துக்குப் போகிறார். அங்கே ஈசாக்கு வளர்ந்துவிட்டான், ஆபிரகாம் மலை ஏறுகிறார். அந்த முதல் நம்பிக்கை பல வருடங்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்தது என்று யாக்கோபு காட்டுகிறார். ஒருவர் வேரைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் கொழுந்தைப் பற்றி. கொழுந்தை ஒட்டவைத்து வேரை உண்டாக்க முடியாது. ஆனால் வருடக்கணக்கில் ஒரு துளிர்கூட விடாத செடியைப் பார்த்து வேர் நன்றாக இருக்கிறது என்று எந்தத் தோட்டக்காரனும் சொல்லமாட்டான்.

பவுலே கலாத்தியருக்கு எழுதும்போது "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்கிறார். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுகிறோம் என்று முழங்கிய மார்ட்டின் லூத்தரும், 1522இல் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓய்வின்றி வேலை செய்வது, நன்மை செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்று விளக்கினார். 1999 ஒக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில் இதுபற்றி ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. கிருபையினாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்தக் கிருபை நம்மை நற்கிரியைகளுக்குத் தகுதிப்படுத்துகிறது என்பது அதன் சாரம். ஆகவே இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு லயத்துக் கத்தோலிக்கரும் லயத்துப் பெந்தெகொஸ்தேக்காரரும் முகம் பார்க்காமல் போக வேண்டிய தேவை இல்லை.

நம் மலைநாட்டிலேயே இதற்கு ஓர் ஆள் இருக்கிறார். யோசேப் வாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்கள் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், தூத்துக்குடியிலிருந்து ஏழைக் கூலியாள் வேடத்தில் கடல் கடந்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் வயிற்றுக் கடுப்பில் விழுந்து சாகக் கிடந்தார். பிறகு 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகப்பட்டுச் சிறை வைத்தார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசன் தலைநகரை விட்டுப் போனான். வீட்டில் அம்மை கண்டவர்களைச் சொந்தக்காரர்களே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான ஒரு குருவும் அந்தக் காட்டுக்குப் போனார்கள். குடிசை போட்டு, புண்களைக் கழுவி, சோறு ஊட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். எந்த மதத்தான் என்று கேட்கவில்லை. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்.

அவர் புண் கழுவி இரட்சிப்பைச் சம்பாதிக்கப் போகவில்லை என்றே நான் நினைக்கிறேன். தன்னை விடாமல் பிடித்திருக்கிறவரை நம்பியதால் தொற்றுக்குப் பயப்படாமல் போக முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஜெபிக்கிறவர்கள் திங்கட்கிழமை வேறு ஆளாக இருக்கிறார்களே?

இந்தக் கேள்வி கேட்கப்படும்போதெல்லாம் எனக்கு ஒரு தராசு ஞாபகம் வரும்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவுக்காகக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் காத்திருப்பேன். பின்னேரம் நாலு நாலரை மணி இருக்கும். இடுப்பில் படங்கைக் கட்டிய பெண்கள் வரிசையில் நிற்பார்கள். முதுகில் கூடை இருந்த இடம் மட்டும் காய்ந்திருக்கும், மற்றதெல்லாம் நனைந்திருக்கும். தராசின் கொக்கியில் சாக்கை மாட்டுவார்கள். முள் பதினாறைத் தாண்டிப் போய்த் திரும்பி ஆடும். ஆட்டம் நிற்பதற்கு முன்பே "பதிமூனு" என்று கணக்கப்பிள்ளையின் குரல் வரும். சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு இரண்டு. வெயில் காய்ந்த நாளிலும் தண்ணீருக்கு இரண்டுதான். சொன்ன கிலோ எடுக்கவில்லை என்றால் அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். அம்மா ஒன்றும் பேசமாட்டார், துண்டுச்சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார்.

அந்தக் கணக்கப்பிள்ளை எங்கள் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவர். நல்ல கணீரென்ற குரல். அவர் வாசிக்க எழும்பும்போதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொள்வார். ஜெபிக்கிறார் என்று நினைத்திருந்தேன். பெரியவளானபின்தான் அது ஜெபமில்லை என்று புரிந்தது.

"கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்" என்று நீதிமொழிகள் 11ஆம் அதிகாரத்தில் முதல் வசனமாகவே இருக்கிறது. ஆராதனையில் கண்ணீர் வருவது நல்லதுதான். ஆனால் விசுவாசம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆலயத்தைவிடத் தராசடிதான் தெளிவான இடம். கடையில் மீதிக்காசு, கொந்தரப்பு என்கிற ஒப்பந்த வேலையில் ஆள்கணக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பால்மாவின் அளவு, போனில் ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வது எல்லாம் தராசடிதான்.

அதே நிறுவைக்குச் சில வருடம் கழித்து ஒரு இளம் தம்பி வந்தார். முள் நிற்கும்வரை பொறுப்பார். சாக்கின் எடையை மட்டும் கழிப்பார். அவர் கிறிஸ்தவர் அல்ல, கழுத்தில் உருத்திராட்சம் போட்டிருப்பார். இதைச் சொன்னால் சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது. எனக்கு நூற்றுக்கு அதிபதியின் சம்பவம் நினைவுக்கு வருகிறது. வேறு மதத்து ரோமப் போர்வீரன் ஒருவனைப் பார்த்துத்தான் இயேசு, "இஸ்ரவேலருக்குள்ளும் நான் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை" என்றார். பக்கத்தில் நின்ற பக்திமான்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நாம் யோசிக்க வேண்டும்.

சம்பளப் போராட்டத்தில் விசுவாசி கலந்துகொள்ளலாமா? ஜெபித்துவிட்டுப் பொறுமையாக இருப்பதுதானே விசுவாசம்?

கலந்துகொள்ளலாம். யாக்கோபு 5:4ஐ உரத்து வாசித்துப் பாருங்கள்: "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." கூலி கூக்குரலிடுகிறதாம், அது சேனைகளின் கர்த்தருடைய காதில் விழுகிறதாம். நாள் சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று எங்கள் மக்கள் வருடக்கணக்காகக் கேட்டு, 2021இல்தான் அது அரசாங்க வர்த்தமானியில் வந்தது. அத்தனை வருடமும் ரோட்டில் நின்றவர்களில் ஜெபிக்கிற அம்மாமார் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஜெபத்தில் கேட்ட நீதியை வாயால் கேட்பது அவிசுவாசம் ஆகாது. கல்லெறிவதும், வேலைக்குப் போன ஏழையை அடிப்பதும், சந்தாக் காசில் கைவைப்பதும் வேறு. அவற்றிலிருந்து விலகி நில்லுங்கள்.

முழு விசுவாசம் இருந்தால் மருந்து தேவையில்லை என்று ஒரு ஊழியர் சொன்னார். உண்மையா?

இல்லை. இதைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

என் அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு நோய். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "மாத்திரை போடுற வரைக்கும் உங்க விசுவாசம் பாதி விசுவாசம்தான் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா எங்களிடம் சொல்லவில்லை. மாத்திரைகளை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். காலில் கல் கீறிய புண் ஆறவில்லை. நாங்கள் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. விரல் போனதற்கு அம்மா அழவில்லை. "என் விசுவாசம் ஆண்டவருக்குப் பத்தலையோ" என்று கேட்டுத்தான் அழுதார். ஒரு நோயாளியின் நெஞ்சில் அந்தப் பாரத்தை ஏற்றிவைக்க எவருக்கும் உரிமை இல்லை.

வேதம் என்ன சொல்கிறது? பவுல் தன் சரீரத்திலிருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டினார். நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் பாதியா? தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வரும் பலவீனத்துக்காகத் தண்ணீரோடு கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் காலத்தில் அது மருந்து. துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார். சுவிசேஷம் எழுதிய லூக்காவையே "பிரியமான வைத்தியன்" என்கிறார். பிறவிக்குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு மறுத்தார்.

ஆண்டவர் சுகமாக்குகிறார் என்று நான் நம்புகிறேன். நோயாளிக்காக எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு சொல்லியிருக்கிறார், அதை நாங்கள் செய்கிறோம். ஜெபித்துவிட்டு கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கும் போகிறோம். சுகம் வந்தால் துதிப்போம். வராவிட்டாலும் அவரை விடமாட்டோம். அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள், தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன அதே மூச்சில், "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். தானியேல் 3ஆம் அதிகாரத்தின் அந்த ஒரு சொல்லை அம்மாவுக்குப் பலமுறை வாசித்துக் காட்டினேன். இப்போது மாத்திரையை ஸ்தோத்திரம் சொல்லித்தான் விழுங்குகிறார்.

மீரியபெத்தையில் மண்சரிந்து ஜெபிக்கிற குடும்பங்களும் போனதே. அப்படியானால் விசுவாசத்தால் என்ன பயன்?

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அன்று முதல் பெருமழை இரவுகளில் எங்கள் லயங்களில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. கூரைத் தகரத்தில் மழை அடிக்கும்போது பிள்ளைகளுக்குச் செருப்பைப் போட்டே படுக்கவைக்கிற தாய்மாரை எனக்குத் தெரியும்.

யார் பாவம் செய்ததால் இது நடந்தது என்று சொல்ல வருபவர்களை நம்பாதீர்கள். இதே கேள்வி இயேசுவிடம் வந்திருக்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள், அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அல்ல என்று சொன்னார். அந்த மலை ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் கொடுத்து ஆட்களை நேரத்தோடு மாற்றியிருந்தால் நடந்திருக்காது. மனிதர் செய்யத் தவறியதைத் தேவசித்தம் என்று மூடிவைப்பது பக்தி அல்ல.

ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆபகூக் தீர்க்கதரிசி தன் புத்தகத்தை "எதுவரைக்கும்" என்ற கூப்பாட்டோடுதான் தொடங்குகிறார். அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழுவேன் என்ற இடத்துக்கு அவர் வந்து சேர்வது கடைசி அதிகாரத்தில்தான். நேற்று பிள்ளையைப் பறிகொடுத்தவரை அந்தக் கடைசி அதிகாரத்துக்கு இழுத்துக்கொண்டு வராதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். சோறு கொண்டுபோங்கள். "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் வாழ்த்திவிட்டுப் போகிறவனைத்தான் யாக்கோபு கண்டித்தார். நுவரெலியாக் குளிரில் நனைந்த துணியோடு நின்றவர்களுக்கு அந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை.

குடும்பத்தில் மற்றவர்கள் இந்துக்கள். மாரியம்மன் திருவிழா வருகிறது. நான் என்ன செய்ய?

எங்கள் தோட்டங்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். ஒரே லயத்தில், சில வீடுகளில் ஒரே காம்பராவில், இரண்டு வழிபாடும் நடக்கும். நீங்கள் வணங்குவது கிறிஸ்துவை மட்டும் என்றால் அதை மரியாதையாக, ஒருமுறை, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பிறகு மாமியாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள், வரும் சொந்தங்களுக்குச் சமையுங்கள், பாத்திரம் கழுவுங்கள். அவர்களுடைய சாமியை இழிவாகப் பேசி உங்கள் விசுவாசத்தைக் காட்டத் தேவையில்லை. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்பது ரோமாபுரியில் சிறுபான்மையாக இருந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. பிரசாதம் சாப்பிடலாமா என்ற கேள்வியில் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு. 1 கொரிந்தியர் 8ஆம் 10ஆம் அதிகாரங்களை உங்கள் போதகரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறார். சகித்துக்கொள்வதுதான் விசுவாசம் என்கிறார்கள்.

இல்லை, தங்கச்சி. சிலுவை சுமப்பது என்பது அடி வாங்குவது அல்ல. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடினார், அவருக்கு விசுவாசம் இல்லாமல் போகவில்லை. மன்னிப்பதற்கும் ஆபத்துக்குள் திரும்பிப் போவதற்கும் சம்பந்தமில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்களைப் போன்றவர்கள் வருகிறோம்.

தசமபாகம் கொடுத்தால் பத்து மடங்கு திரும்பி வருமா?

அப்படி வியாபாரம் பேசுகிறவர்களிடம் கவனமாக இருங்கள். கடனில் இருக்கிற தொழிலாளியிடம் "விதைப்பணம்" கேட்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு காசு போட்ட விதவைக்கு மறுநாள் நாலு காசு கிடைத்தது என்று மாற்கு எழுதவில்லை.

கொடுப்பதன் சந்தோஷத்தை நான் கற்றது எங்கள் அப்பாயியிடம். உலைக்கு அரிசி அளந்து போடும்போது அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து, மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவார். பிடியரிசி. மாதக் கடைசியில் சம்பளத்துக்கு முந்தின வாரம், அரிசி டின்னின் அடி தெரியும்போதும் கை போகும். அப்போது பிடி சின்னதாகிவிடும், விரல் நுனியில் எடுப்பார், ஆனால் எடுப்பார். அந்த அரிசியில் ஆலயத்துக்குப் போனது பாதி. மீதி, கைப்பிள்ளையோடு வேலைக்குப் போகமுடியாமல் கிடந்த பக்கத்து வீட்டுக்கு இருட்டினபிறகு போகும்.

சத்தமாக, அந்நியபாஷையில் ஜெபிக்க எனக்கு வரவில்லை. என் விசுவாசம் குறைவா?

குறைவில்லை. வார்த்தையே வராத வேளையிலும் ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8இல் இருக்கிறது. சத்தமாக ஜெபிக்கிறவரையும் குறை சொல்லாதீர்கள்.

எனக்குச் சந்தேகம் வருகிறது. சில நாள் ஒன்றுமே உணர முடியவில்லை. நான் விசுவாசிதானா?

இதைக் கேட்பவர்கள் எப்போதும் கடைசியாக, மற்றவர்கள் போனபிறகுதான் கேட்பார்கள். பலர் சபையில் பொறுப்பில் இருப்பவர்கள்.

கல்கத்தாவின் அன்னை தெரேசா இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல், அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் வெளிவந்தன. ஏறக்குறைய ஐம்பது வருடம் தேவன் தன்னோடு இருப்பதாகவே உணர முடியாத இருளில் அவர் இருந்தது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அத்தனை வருடமும் அதிகாலையில் எழும்பி ஜெபித்தார், தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். உணர்வு போயிருந்தது, விசுவாசம் போகவில்லை.

மாற்கு 9இல் ஒரு தகப்பன் வருகிறான். பிள்ளைக்கு வலிப்பு. விசுவாசிக்கக்கூடுமானால் எல்லாம் ஆகும் என்று இயேசு சொன்னதும் அவன் கண்ணீரோடு சத்தமிடுகிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே வாயில் இரண்டும் வருகிறது. இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார்.

இன்னொன்றும் சொல்கிறேன். முதலில் சொன்ன 'எமூனா' என்ற எபிரெயச் சொல் வேதத்தில் முதன்முதலாக வருவது யாத்திராகமம் 17இல். அமலேக்கோடு யுத்தம் நடக்கிறது, மோசே கைகளை உயர்த்தி நிற்க வேண்டும், கைகள் அசந்துபோகின்றன. அப்போது ஒரு கல்லைப் போட்டு அவரை உட்காரவைத்து, ஆரோன் ஒருபக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். "இவ்விதமாய் அவன் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் ஒரே நிலையாயிருந்தது." அந்த 'நிலையாயிருந்தது' என்பதற்குத்தான் எபிரெயத்தில் எமூனா. தானாக நின்ற கை அல்ல, இரண்டு பேர் தாங்கிய கை. உங்களால் ஜெபிக்க முடியாத நாளில் கூட்டத்துக்கு வந்து சும்மா உட்காருங்கள். நாங்கள் ஜெபிக்கிறோம், நீங்கள் ஆமென் மட்டும் சொல்லுங்கள்.

இதுவரை நான் பெயருக்குத்தான் கிறிஸ்தவன். எங்கே தொடங்குவது?

மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒன்று. பெரட்டுக்குப் போகுமுன் முடியாவிட்டால் இரவில். வாசித்ததும் அந்தத் தகப்பன் சொன்ன ஒரு வரியை உங்கள் ஜெபமாகச் சொல்லுங்கள். பிறகு ஒரு ஆளை நினைத்துப் பாருங்கள்: காசு திருப்பிக் கொடுக்காத ஆள், பேச்சை நிறுத்திவைத்திருக்கிற தம்பி, கணக்கில் ஏமாற்றிய பக்கத்து வீட்டுக்காரி. அந்த வாரமே அவரிடம் போங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து சாயத்தண்ணி குடிக்கும்போது என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து போவோம்.